கடைசி வரியில் விட்டுப்போனது

— ஒரே ஒரு சொல்லு. அதுக்குத் திரையில இடமில்லாமப் போச்சா?

— இடம் இருந்துச்சுங்க.

— அப்புறம் என்ன? படம் முழுக்க ஒழுங்கா சப்டைட்டில் எழுதிட்டு, கடைசி வரியில வந்து கோட்டை விட்டுருக்கே. அவ என்ன சொல்றா? "போயிட்டு வரேன்"னு சொல்றா. நீ என்ன எழுதியிருக்கே? "நான் போறேன்". எந்த வீட்லயாவது பொம்பளை வாசப்படியில நின்னு "போறேன்"னு சொல்லுவாளா? அபசகுனமாப் பேசாதேன்னு வாயைப் பொத்தமாட்டாங்க?

— படம் வாங்க வர்றவங்க மொழியில அப்படித்தாங்க. கடைக்குப் போனாலும் போறேன்தான், கண்காணாத ஊருக்குப் போனாலும் போறேன்தான்.

— நல்லா இருக்கு நியாயம். பொண்டாட்டி பையை எடுத்துக்கிட்டு காய்கறி வாங்கப் போறா. புருஷன் பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கான். கதவு சாத்திக்குது. படம் முடியுது. அமைதியான குடும்பம்னு நான் எடுத்து வெச்சிருக்கேன். நேத்து அந்த இருட்டு ரூம்ல உட்காந்து பாத்தவங்க எல்லாம் ஏன் மூக்கை உறிஞ்சினாங்கன்னு இப்பல்ல புரியுது. வீட்டை விட்டு ஓடிட்டான்னு நெனச்சிருக்காங்க.

— ஓடலைங்க. நடந்துதானே போறா.

— இந்தா பாரு, நான் இருக்கற எரிச்சல்ல நீ வேற. லேப்டாப்பைத் திற. படத்தை வாங்க வர்ற அந்தம்மா கையெழுத்துப் போடறதுக்குள்ள அதை மாத்து.

— மாத்திடலாங்க. மாத்தினா அவங்க வாங்க மாட்டாங்க.

— என்ன சொல்றே?

— காலையில நீங்க பாத்ரூம் போயிருந்தப்ப அவங்க உதவியாளர் வந்தாருங்க. அந்தக் கடைசி வரிக்காகத்தான் படத்தையே எடுக்கறாங்களாம். போஸ்டர்லயும் அதையே போடப் போறாங்களாம். "நான் போறேன்"னு, பெரிய எழுத்துல.

— எம் படத்துக்கா?

— உங்க படத்துக்குத்தாங்க.

— கொஞ்சம் தள்ளி நில்லு, காத்து வரட்டும். தலை சுத்துது. படச் சந்தைன்னு இவ்வளவு பெரிய ஹால் கட்டினவன் ஒரு ஜன்னல் வெச்சிருந்தா குறைஞ்சா போயிடுவான்? பக்கத்துக் கடை டிவியில ஒரு பேய் வேற நொடிக்கொருதரம் கத்தித் தொலைக்குது.

— அந்தப் பேய்த் தொடர் முதல் நாளே வித்துப் போச்சாம். நம்ம மொழித் தொடர்னா இப்ப கேட்டு வாங்கறாங்களாம்.

— பேய் விக்குது. நான் ஈ ஓட்டறேன். வந்த நாள்லேருந்து இந்த ப்ளைவுட் பெட்டிக்குள்ள அடைஞ்சு கெடக்கேன்.

— நானுந்தாங்க. ஒருதடவை இந்த ஹாலைச் சுத்திப் பாத்துட்டு வரலாம்னா கூட முடியல.

— நீ சுத்தப் போயிடு. எவனாவது வந்து அவன் மொழியில ஏதாவது கேட்டா நான் திருதிருன்னு முழிக்கறேன். அதுவும் நீயாவது நின்னுக்கிட்டிருக்கே. உட்காந்தே இருக்கறவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும்.

— ரெண்டு நாற்காலிதாங்க குடுத்திருக்காங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வர்றவங்களுக்கு.

— அதை விடு. இப்ப என்னை இருதலைக்கொள்ளி எறும்பா ஆக்கிட்டே. அவ திரும்பி வருவான்னு சொன்னா படம் விக்காது. வரமாட்டான்னு சொன்னா அது நான் எடுத்த படமே இல்ல. தயாரிப்பாளர் கறாரா சொல்லிட்டார். வெளியில வித்துக் காட்டு, இல்லன்னா உனக்கு அடுத்த படம் கிடையாதுன்னு.

— நீங்கதாங்க முடிவு பண்ணணும்.

— சரி. அவ போயிட்டா. போயிட்டதாவே இருக்கட்டும். முதல்லேருந்தே அப்படித்தான் எழுதினேன்னு வெச்சுக்கோ.

— வெச்சுக்கறேங்க. ஆனா அந்தம்மா கேப்பாங்களே.

— என்னன்னு?

— ஏன் போறான்னு.

— ஆமா, ஏன் போறா?

— நீங்கதானே எழுதினீங்க.

— ம். நீ அந்தம்மா மாதிரி என்னைக் கேளு. சொல்லிப் பாக்கறேன். நேர்ல உளறிடக் கூடாது பாரு.

— புருஷன் அடிப்பானா?

— சேச்சே. குரலைக்கூட உசத்த மாட்டான்.

— குடியா?

— ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. தங்கமான மனுஷன்.

— அப்புறம் ஏன் போறா?

— அது வந்து... அவ ஒருத்தி அங்க இருக்கறதே அவன் கண்ல படல. ஃபேன் மாதிரின்னு வெச்சுக்கோ. ஓடற வரைக்கும் யாரு அண்ணாந்து பாக்கறா? எப்படி இருக்கு?

— நல்லா இருக்குங்க. மேல சொல்லுங்க.

— யாராவது வந்தா அவன் உட்காந்து பேசுவான். அவ காபி குடுத்துட்டு கதவோரமா நிப்பா. படத்தைப் பாரு, அவ உட்கார்ற மாதிரி ஒரு ஷாட்டே கிடையாது.

— வேணும்னேதான் அப்படி எடுத்தீங்களா?

— எங்க? நாற்காலி கேமராவை மறைச்சுது, தூக்கி வெளிய போட்டோம். இதை அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே.

— அவளுக்குப் பேரும் இல்லையேங்க.

— அட, ஆமா. எல்லாரும் "இந்தா"ன்னுதான் கூப்பிடறாங்க. அதுவும் காரணத்தோடதான்னு சொல்லிடுவோம். பேரு சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வீடு. பாத்தியா, தானா வந்து விழுது.

— இதெல்லாம் அந்தப் புருஷனுக்குத் தெரியாதா?

— கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கணும்னு தோணல.

— என்னைக்காவது போயிடுவாளோன்னு பயந்ததே இல்லையா?

— எதுக்குப் பயப்படணும்? அவதான் தினமும் "போயிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போறாளே... ஏய், இது பிரமாதமா இருக்கு. இதைக் கேட்டா அந்தம்மா அழுதுடும். குறிச்சுக்கோ.

— குறிக்க வேண்டாங்க. மறக்காது.

— வேற என்ன கேப்பாங்க?

— ஒண்ணே ஒண்ணுதாங்க. அவ திரும்பி வருவாளா?

— வரமாட்டா.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமும் எந்த மடச்சி திரும்பி வருவா?

— சரிங்க.

— ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? நல்லாத்தானே சொன்னேன்?

— நீங்க இவ்வளவு தெளிவாப் பேசி நான் கேட்டதே இல்லைங்க.

— அப்ப ஒரு சொல் விடாம அப்படியே அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும், புரியுதா? நீ இல்லைன்னா இங்க நான் ஊமைதான்.

— அதுக்கு ஆள் இருக்குங்க. மொழிபெயர்க்க இந்தச் சந்தைக்காரங்களே ஒருத்தரைக் குடுக்கறாங்க. நான் சொல்லி வெச்சிருக்கேன். அதோ, அந்தத் தூண்கிட்ட பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான்.

— அவர் எதுக்கு? நீ என்ன பண்ணப் போறே?

— நேத்து அந்தம்மா என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டாங்களே, ஞாபகம் இருக்குங்களா?

— படம் எவ்வளவு நேரம் ஓடும்னு கேட்டாங்கன்னு சொன்னே.

— அது நான் உங்களுக்குச் சொன்னதுங்க. அவங்க கேட்டது, சப்டைட்டில் எழுதினது யாருன்னு. நான்தான்னேன். நம்ம தொடர்களை வண்டி வண்டியா வாங்கறாங்களாம், எழுதத்தான் ஆளில்லையாம். அவங்க ஊர்ல, அவங்க ஆபீஸ்ல வேலை. வர்றியான்னு கேட்டாங்க.

— நல்ல கூத்து. நீ என்ன சொன்னே?

— வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்னேன்.

— நீ எங்க என்னைக் கேட்டே?

— இப்பத்தாங்க கேட்டேன்.

— சரி சரி, எதுவா இருந்தாலும் ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாம். அந்தம்மா வர்றாங்க பாரு. அந்தப் பேனாவை இப்படித் தள்ளு. இதென்ன, கழுத்து அட்டையை ஏன் கழட்டறே?

— "உடன் வந்தவர்"னு போட்டிருக்குங்க. இதோ, மேஜை மேல வெச்சிட்டேன்.

— முகம் கழுவவா? வெளியில வரிசை நிக்கும். சீக்கிரம் போயிட்டு வா.

— போறேங்க.