துரு இல்லாத ஏணி

வேணாம் தம்பி, ஏறாத. கயித்த புடிச்சு ஏறிடலாம்னு நெனைக்காத. அது நீ விழாம இருக்கத்தான், ஏறுறதுக்கு இல்ல. முதுக பாறையோட ஒட்டிக்கிட்டு அப்படியே நில்லு. அந்தத் திட்டு உன்னத் தாங்கும். வெள்ளக்காரன் காலத்துல இந்தச் சொரங்கத்துக்கு உளி வெச்சு வெட்டுன படி அது. இத்தினி வருஷம் நின்னுச்சு, இன்னும் ஒரு மணி நேரம் நிக்காதா?

தேவா போயி இருவது நிமிஷம் இருக்கும். இந்த மேட்டுல ஒரு கோடு சிக்னல் கெடையாது, கிளியனூர் ரோட்டுக்குப் போனாதான் போன் போவும். என் தங்கச்சி மவன்னு சொல்லல, பைக்க பறக்க உடுவான். ஃபயர் சர்வீஸ் வந்துடும்.

கால் எப்படி இருக்குது? வீங்கிடுச்சா? எலும்பு வெளிய தெரியலல்ல? அப்ப சரி. கீழ மட்டும் பாக்காத. தண்ணி பச்சையா இருக்குது, அவ்ளோதான், அதுல பாக்க என்னா இருக்கு? என்கூட பேசு. கண்ண மூடாத.

காலையில கல்ல ஆராய வந்தவருன்னு வாங்க போங்க சார்ன்னு சொல்லிட்டு இருந்தேன், இப்ப நீ வான்னு வருது வாயில. தப்பா எடுத்துக்காத. மேலருந்து கத்தும்போது மரியாத எல்லாம் பாதி வழியில உழுந்துடுது.

சிரிக்கிறியா? சிரி, சிரி. ஆனா குலுங்காத.

வர்ற வழியில இந்தக் கல்லப் பத்தி சொன்னியே, மறுபடி சொல்லு. மூச்சு வாங்குதா? சரி நானே சொல்றேன், தப்புன்னா திருத்து. இந்த மேடு பூரா கருங்கல்லு. மரக்காணத்துல கடலே இல்லாத காலத்துலருந்து இருக்குற கல்லு. அது எப்பவோ வெடிச்சுது. அந்த வெடிப்புல அடியிலருந்து சூடா தண்ணி ஏறி வந்துச்சு. ஆறும்போது, தான் கரைச்சு கொண்டாந்தத அங்கியே உட்டுட்டுப் போயிடுச்சு. சரியா? எங்க உப்புப் பாத்தி மாதிரிதான். நாங்க தண்ணிய தேக்குறோம், வெயிலு தண்ணிய எடுத்துக்குது, உப்பு தங்குது. இங்க செம்பு தங்குச்சு. உன் மூஞ்சிக்கு நேரா வெள்ளக்கல்லு ஒரு கோடு ஓடுதா? அதுல பழைய பித்தளச் சொம்புல களிம்பு புடிச்சாப்புல பச்சையா இருக்கா? ஆங், அதான்.

அந்தக் கோட்ட புடிச்சுக்கிட்டுதான் வெள்ளக்காரக் கம்பெனிக்காரன் கீழ கீழன்னு போயிருக்கான். ஐப்பசி கார்த்திகையில உப்பளம் மூடிட்டா எங்காளுங்களுக்கு வேலை ஏது? அவங்களதான் கூட்டியாந்து வெட்ட உட்டானாம். சொல்லக் கேள்வி. அந்தக் கோடு மேல ரெண்டு முழம் அகலம் இருந்தது, போகப் போக ஒரு சாணு, அப்புறம் வெரலு, அப்புறம் நூலு. தண்ணி வேற ஊறுது. ரெண்டே வருஷம், போட்டது போட்டபடி உட்டுட்டுப் போயிட்டான்.

டேய், இழுக்காத! கயித்த இழுக்காதன்னு சொல்றேன்ல?

கால் மரத்துப் போச்சா? நல்ல காலு வெரல அசைச்சுக்கோ. கயித்துல கைய வெக்காத. நாலு ஆள் ஒசரந்தான், தெரியுது. ரெண்டு காலும் நல்லா இருந்தா நானே ஏறுன்னுதான் சொல்லுவேன்.

சரி, நீ எறங்கும்போது முறிஞ்ச அந்த ஏணி. அத நானே பேசிடுறேன், மனசுல வெச்சுக்கிட்டு முடியல. அது கம்பெனிக்காரன் போட்டது இல்ல. நாப்பது வருஷம் முன்ன சர்வே பண்ண வந்தவங்க அடிச்சது. நீ எறங்குறதுக்கு முன்னாடி, கயிறு கட்டிக்கட்டுமா அக்கான்னு கேட்ட. கல்லு அள்ளுற வாளி எறக்கத்தானப்பா கயிறு, உனக்கு எதுக்குன்னு நாந்தான் சிரிச்சேன். நீ உழுந்தப்புறம் அதே கயித்ததான் உனக்கு எறக்குனேன்.

எங்க ஊர்ல இரும்பப் பாத்தா மொதல்ல துருவத்தான் பாப்போம். கேட்டு, சைக்கிளு, பம்பு செட்டு, எல்லாத்தையும் உப்புக் காத்து தின்னுடும். துரு இருந்தா காலு வெக்க மாட்டோம், இல்லன்னா வெப்போம். அவ்ளோதான் எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு. இந்த ஏணியில ஒரு பொட்டு துரு இல்ல. செவப்பா, வெளக்கி வெச்சாப்புல இருந்துச்சு. பாத்துட்டு இந்த சாலம்மா சொன்னா, எறங்கு தம்பி, ஆனையே எறங்கலாம்னு.

என்ன சொல்ற? சத்தமா சொல்லு. பாறையில ஊறி வர்ற தண்ணியில செம்பு இருக்குதா... அது இரும்ப தின்னுட்டு அந்த எடத்துல செம்ப வெச்சுட்டுப் போவுமா? அப்ப நான் பாத்தது வெறும் பூச்சுதானா? உள்ள இரும்பே இல்லியா?

ஏம்பா, படிச்சவன் நீ, உனக்குத் தெரியுமில்ல? ஏன் எறங்குன?

நான் சொன்னேன்னு எறங்குனியா? போ.

மேல இருட்டிக்கிட்டு வருது. மழை இல்ல, மோடம்தான். அட, ஒரு தூத்தல் உழுந்தா என்னா இப்போ? வழுக்கும்னுதான் இன்னும் ஏறவே கூடாதுங்குறேன். ஃபயர் சர்வீஸ்காரங்க நாலு பேரு வந்து தூக்கட்டும்.

ஏன்னா? ஏன் ஏறக்கூடாதுன்னா?

எதுல கட்டியிருக்கேன்னு கேக்குறியா.

மரமா? இங்க ஏதுப்பா மரம். ஒரு வேலிக்காத்தான் நிக்குது, அதுவரைக்கும் கயிறு எட்டல. ஏணி அடிச்ச போல்ட்டுல கட்டலாம்னு புடிச்சேன், கையோட வந்துடுச்சு. என் இடுப்புலதான் கட்டியிருக்கேன். ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருக்குது, அதுல ரெண்டு காலையும் முட்டு குடுத்து உக்காந்திருக்கேன். நீ சும்மா நின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. தொங்குனா தாங்குவனான்னுதான் தெரியல.

தம்பி?

கயிறு ஏன் தொளதொளங்குது? டேய், முடிச்ச அவுக்குறியா? கைய எடு. கைய எடுடா அதுலருந்து! என்னையும் இழுத்துடக் கூடாதுங்குற உன் நல்ல மனசு எனக்கு வேணாம். எறங்குன்னு சொன்னது நானு. நீ உள்ள கெடக்க, நான் பொடவைய தட்டிக்கிட்டு எந்திரிச்சு ஊருக்குப் போவனா? கட்டு. அக்குளுக்குக் கீழ ரெண்டு சுத்து சுத்தி கட்டு. அவசரமில்ல, மெதுவா.

கட்டிட்டியா? ஒரே ஒரு தடவ லேசா இழுத்துக் காட்டு.

ம். வந்துச்சு.