ஒரே மாணவிக்கு ஒரு வருடப் பாடம்

நெய்வேலி டவுன்ஷிப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் தீபாவளிக்குள்ள முடிச்சிடுவேன் சார்,” என்றார் ஜன்னலோரம் இருந்த பெண்.

“வருஷப் பாடத்தையா? அவ்ளோ அவசரம் எதுக்கு டீச்சர்?”

“சுரங்கத்துக்கு நெலத்தக் குடுத்துட்டு எல்லாரும் ஊரக் காலி பண்ணிக்கினு போறாங்க. பத்தாவதுல இப்ப ஒரே பொண்ணுதான். தீபாவளி முடிஞ்சதும் அவங்க வூடும் கெளம்புது.”

“லேப்ல ஜோடி வேணுமே?”

“நான்தான் ஜோடி. அவ ஊத்துவா, நான் கலக்குவேன்.”

“போற எடத்துல மீதிய நடத்திடுவாங்களே டீச்சர்.”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அவளுக்கு யாராச்சும் நடத்துவாங்க சார். அப்புறம் நான் யாருக்கு நடத்துறது?”