ஒரு ‘த்’ குறைகிறது

அந்தப் பிற்பகலில் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர மேசையில், பிழை திருத்த அச்சகத்திலிருந்து எடுத்துவந்த புரூஃப் தாள்களோடும் சிவப்புப் பேனாவோடும் அவர். மேசைக்கு எதிரே ஒரு முக்காலியில், அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி மனைவி. கதவோர நாற்காலியில், வங்கியில் வேலை பார்க்கும் மைத்துனர், செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்து. நான்காவது ஆள் போனில் வந்தாள். ஆறு வருடமாக அந்த வீட்டுக்குள் குரல் கேட்காத ஆள்.

“ஹலோ... யாரு?... தங்கச்சியா? எந்தத் தங்கச்சி?... இந்தக் காலத்துல போன்ல வர்ற அண்ணன் தங்கச்சியை எல்லாம் நம்பிட முடியாது. நீ என் தங்கச்சின்னா, சின்ன வயசுல எனக்கு நீ வெச்ச பட்டப்பேர் என்ன? சொல்லு பார்ப்போம்.”

கையிலிருந்த பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

“...சிவப்பு மை. ம். சரி, சரி, நீதான்.”

மனைவியின் ஊசி பாதி வழியில் நின்றது.

“என்ன போகலை?... அட்டையோட பின்பக்கமா? எந்த அட்டை?... உன் அடையாள அட்டையை நான் எதுக்குக் கேட்கப்போறேன்?... நானா? நான் அனுப்பினேனா?... புது நம்பரா? அதுல என் படமா?... நீலச் சட்டையா. அது அச்சகத்து விழாவுல எடுத்தது, ஊருக்கே போட்டு வெச்சிருக்காங்க. எவன் வேணும்னாலும் எடுத்து ஒட்டிக்கலாம்... இல்லம்மா, இது என் பழைய நம்பர் இல்ல. என்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்.”

“...இரு. இப்போ என்ன வந்திருக்கு?... ஆறு இலக்கமா? வாயைத் திறக்காதே. எனக்கும் சொல்லாதே... ஆமா, எனக்கும்தான். எவனுக்கும் கிடையாது... பத்து நிமிஷத்துல அனுப்பணும்னு கெடு வெச்சிருக்கானா? வைப்பான். நேரம் கொடுத்தா நீ யோசிச்சிடுவேன்னு பயம். உனக்கு அந்தப் பழக்கமே கிடையாதுன்னு அவனுக்கு யார் சொல்றது.”

மைத்துனர் செய்தித்தாளை மடித்துவிட்டு மேசைக்கு வந்து காதோரம் ஏதோ சொன்னார்.

“மச்சான் இங்கதான் இருக்கார்... ஆமா, பாங்க் மச்சான். அந்த ஆறு எண்தான் சாவியாம். சொன்னேன்னா, உன் கணக்குக்குள்ள அவன் நீயாவே நுழைஞ்சிடுவானாம்... உன் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பணம் மொத்தமும் அந்தக் கணக்குலதானா? சபாஷ்... முன்பக்கம் எப்போ அனுப்பினே?... காலையிலேயா. பேரு, பிறந்த தேதி, விலாசம், எல்லாத்தையும் நீயே எடுத்துக் கொடுத்திருக்கே. உன் பேர்ல அவன் சிம் வாங்கலாம், கடன் வாங்கலாம். கட்டறது மட்டும் நீ.”

“...அழாதே. அந்தச் சேதியை வாசி. மெதுவா, எழுத்து எழுத்தா.”

புரூஃப் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, காதில் விழுந்ததைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். யாராவது வாசித்தால் அவர் கை சும்மா இருக்காது.

“‘அன்பு தங்கைக்கு.’ நிறுத்து. அன்பு தங்கைக்கா, அன்புத் தங்கைக்கா?... நடுவுல ‘த்’ இருக்கா, இல்லையா?... இல்ல. ஒரு ‘த்’ குறையுது. இதைப் பார்த்துட்டுமா நான்னு நினைச்சே? மேல வாசி... ‘பழையதை மறந்துவிடு. நான் நடந்துகொண்டது தவறு.’ ம்... ‘உன்னை பற்றி நினைக்காத நாளில்லை.’ உன்னைப் பற்றி. ‘ப்’ எங்க போச்சு? திருட வர்றதுக்கு முன்னால நாலாங்கிளாஸாவது ஒழுங்கா முடிச்சிருக்கலாம், தறுதலை... ஆமா, அதுக்கப்புறம்தான் ‘அடையாள அட்டை’. அதுக்குத்தானே இவ்வளவு உருக்கமும்.”

“...நம்ம சண்டை அவனுக்கு எப்படித் தெரியும்னா? ஒண்ணும் தெரியாது. எந்த வீட்டுல அண்ணனும் தங்கச்சியும் பேசாம இல்ல? இதையே நூறு பேருக்கு வீசியிருப்பான். தொண்ணூறு பேருக்குப் பொருந்தும்... அட, அதெல்லாம்கூட விடு. ‘நான் நடந்துகொண்டது தவறு.’ இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலேர்ந்து நீ என்னிக்காவது கேட்டிருக்கியா? அந்த இடத்துலயே தெரிய வேண்டாமா, இது நான் இல்லேன்னு?”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அது அறை முழுக்கக் கேட்டது.

ஆறு வருடத்துக்கு முன், கணவன் இறந்த மூன்றாவது வாரத்தில், தங்கை அவருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அவர் அதை இருபத்தேழு இடங்களில் சிவப்பு மையால் திருத்தி, பதில் ஒரு வரிகூட எழுதாமல் திருப்பி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது.

“...ஹலோ. இருக்கியா?... என்னது? ‘த்’ இல்லாததை நீயும் பார்த்தியா?... பார்த்துமா?... அதனாலதான் நம்பினியா?”

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

“...மனசு கலங்கி எழுதினா... ம்... அண்ணனுக்கும் பிழை வரும்னு... ம். ரெண்டு நாளா அதையே எடுத்து எடுத்துப் படிச்சிருக்கே... ம்... அண்ணி இங்கதான் இருக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கா.”

மைத்துனர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“சரி, இப்போ நான் சொல்றதைக் கேளு. இதை வெச்ச உடனே உன் பாங்குக்குப் பேசு. அவன் கொடுத்த நம்பர் எதுக்கும் இல்ல, உன் பாஸ்புக்ல அச்சடிச்சிருக்கற நம்பருக்கு. கணக்கை முடக்கச் சொல்லு. அட்டையோட முன்பக்கம் போனதையும் மறைக்காம சொல்லு, வெட்கப்படாதே. அப்புறம் போலீஸ்ல புகார். அவன் சேதியை அழிச்சிடாதே... சாட்சிக்குத்தான். வேற எதுக்கும் இல்ல.”

“...இனிமே எப்படிக் கண்டுபிடிக்கறதா? எதையாவது கேட்டா அது நான் இல்ல. நம்பர், அட்டை, பணம், எது கேட்டாலும் சரி. நான் எழுதறதா இருந்தா தாள்ல, என் கையால எழுதுவேன்... என்ன எழுதுவேனா?... அதை இப்போ எதுக்கு... ஹலோ? ஹலோ?”

“பாங்குக்குப் பேசத்தான் வெச்சிருப்பாங்க,” என்றார் மைத்துனர்.

கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது: ‘முடக்கியாச்சு.’ அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

அவர் பென்சிலில் எழுதியிருந்த தாளை எடுத்துவைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ‘த்’ சேர்த்தார். ‘ப்’ சேர்த்தார். ‘அடையாள அட்டை’ தொடங்கிக் கடைசிவரை ஒரே கோடாக அடித்தார். மீதி இருந்தது மூன்றே வரி. அவற்றில் கருத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினார். அகப்படவில்லை.

புதுத் தாளில், கறுப்பு மையில், அந்த மூன்று வரியையும் எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கம்போலத் திரும்ப வாசித்தார். முதல் வரியிலேயே கண் நின்றது. ‘அன்பு தங்கைக்கு.’

கை சிவப்புப் பேனாவுக்குப் போனது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேனாவை மூடி மேசை டிராயருக்குள் போட்டார். தாளை மடித்து உறைக்குள் வைத்து, பசை தடவி ஒட்டி, விலாசம் எழுதினார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். தபால் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பி நடந்தார்.