மூன்றாவது செட்

இரவு ஒன்றே முக்கால். மலையை வெட்டிப் போட்ட ரோடு. ஒரு பக்கம் பாறை... மறுபக்கம் வெறும் இருட்டு.

கிட்ட வந்து உட்காருங்கள். கதவைச் சாத்தாதே தம்பி, பயந்தால் ஓட வழி வேண்டாமா? இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. நம் வெல்டரின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நடுவில் எவனாவது சிரித்தால் அதோடு நிறுத்திவிடுவேன், ஆமாம்.

மழையில் அந்த ரோட்டில் பாதி சரிந்து பள்ளத்துக்குப் போயிருந்தது. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே இன்னொன்று வந்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு முனையிலும் ஆள் போட்டிருந்தார்கள். மேல் முனையில் சித்தப்பா, கீழ் முனையில் அவருடைய மச்சினன். ஆளுக்கொரு சிவப்புக் கொடி, ஒரு டார்ச், ஒரு வாக்கி டாக்கி செட். உபரியாக மூன்றாவது செட் ஒன்று கீழ் முனையில் இருந்தது. செல்போன் அங்கே சுத்தமாக எடுக்காது.

கீழேயிருந்து வண்டிகளை விட்டால், கடைசி வண்டியின் நம்பரை மச்சினன் செட்டில் சொல்வான். சித்தப்பா அதே நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வண்டி கண் முன்னால் வந்து சேரும்வரை மேலேயிருந்து ஒரு சைக்கிளைக்கூட விடக் கூடாது. இந்த விஷயத்தில் சித்தப்பா மகா கறார். மந்திரியே வந்தாலும் நிற்க வேண்டியதுதான் என்பார்.

அன்றைக்கு மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஈர மண் வாசனை. செட் கரகரத்தது.

“மாமா... கேக்குதா? ஓவர்.”

“சொல்லுடா. ஓவர்.”

“பாப்பாவுக்கு இளைப்பு ரொம்ப அதிகமாயிடுச்சு மாமா. அக்கா பக்கத்து வீட்டு ஜீப்புல தூக்கிட்டு வந்திருக்கா. உதடெல்லாம் நீலமா இருக்கு. வழி காலியா? ஓவர்.”

ஆஸ்பத்திரி மேல் முனையைத் தாண்டிப் பத்து நிமிடத் தூரம். பாப்பாவுக்கு ஐந்து வயது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. இருந்தாலும் சித்தப்பா பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, நிதானமாகத்தான் பேசினார்.

“வழி காலி. உடனே விடு. ஓவர்.”

“ஜீப் நம்பர் நாலு ஏழு ஒண்ணு ரெண்டு. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்னு மூணாவது செட்ட அக்கா கையில குடுத்திருக்கேன். ஓவர்.”

“நாலு ஏழு ஒண்ணு ரெண்டு. சரிடா. ஓவர்.”

மேலே ஏழெட்டு லாரிகள் நின்றிருந்தன. முதல் லாரிக்காரன், சிமெண்டு ஏற்றிக்கொண்டு வந்தவன், இறங்கி வந்து கத்தினான். “யோவ், எவ்வளவு நேரம்யா நிக்கிறது? உனக்கு மனசாட்சியே இல்லையா?”

“என் புள்ள வருதுய்யா...” என்றார் சித்தப்பா. லாரிக்காரன் போய்த் தன் டார்ச்சை எடுத்துவந்து அவர் பக்கத்தில் நின்றான்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். செட்டில் யாராவது பேசினால் எரியும் பச்சை விளக்கு எரிந்தது.

“என்னங்க... கேக்குதா? என்னங்க... பாப்பாவுக்கு மூச்சு விட முடியலைங்க... என்னங்க...”

மனைவியின் குரல். பின்னால் ஜீப்பின் உறுமல். அதற்கும் பின்னால் குழந்தையின் மூச்சு... இழுத்து... இழுத்து... விசில் மாதிரி.

“பயப்படாத! இங்கதான் நிக்கிறேன்!” என்று கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அந்த செட்டில் பேச வேண்டுமானால் பட்டனை அழுத்த வேண்டும். கேட்க வேண்டுமானால் விட்டுவிட வேண்டும். அழுத்தியிருக்கும்வரை எதிராளி தலைகீழாக நின்று கத்தினாலும் காதில் விழாது. ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மொத்த சானலும் அடைத்துக்கொள்ளும். வேறு யாரும் பேசவே முடியாது. அந்தப் புண்ணியவதி பயத்தில் செட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். விரல் பட்டன் மேல்.

“கைய எடு! ஐயோ, கைய எடுடி!”

தினமும் காலையில் சித்தப்பாவின் செட் வீட்டில்தான் சார்ஜில் கிடக்கும். ஒருநாள் அவள் ஆசையாகக் கேட்டாளாம், இதை எப்படிப் பேசுவது என்று. “உன் கையில குடுத்தா ஊர்ல வேற யாரும் பேச முடியாதுடி” என்று கிண்டல் பண்ணிவிட்டு வாங்கி வைத்துவிட்டார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா சொல்லிக் கொடுக்க? இப்போது தன் பாவி வாயை அறைந்துகொண்டே நின்றார்.

செட்டில் ஜீப் டிரைவரின் குரல். “அக்கா... என்னது இது?”

பிரேக் கிறீச்சிட்டது. தகரத்தின் மேல் சிறு கற்கள்... டக். டக் டக். கதவு திறக்கும் சத்தம். யாரோ ஓடினார்கள்.

அப்புறம் ஒரு பெரிய ஓசை. முதலில் செட்டுக்குள் கேட்டது. ஒரு நொடி கழித்து மலையிலிருந்து கேட்டது. காலுக்கடியில் ரோடு அதிர்ந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் பச்சை விளக்கு அணையவில்லை. சித்தப்பா செட்டைக் காதோடு வைத்து அழுத்தினார். இருந்தது... குழந்தையின் மூச்சு. இழுத்து... இழுத்து... கடவுளே, இருந்தது!

கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். லாரிக்காரனும் டார்ச்சோடு பின்னாலேயே ஓடிவந்தான். இருட்டு, சேறு, ஒரு பக்கம் பள்ளம். இரண்டு தடவை விழுந்தார். முழங்கால் கிழிந்தது. செட்டை மட்டும் காதை விட்டு எடுக்கவில்லை. அந்த மூச்சு கேட்கும்வரை பிள்ளை இருக்கிறாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

போகப் போக அந்த இழுப்பு குறைந்தது. விசில் சத்தம் நின்றது. தூங்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி சீராக வந்தது.

“இளைப்பு விட்டுடுச்சுய்யா!” என்று லாரிக்காரனைப் பார்த்து அழுதார். ஓடிக்கொண்டே, பட்டனைத் தொடாமலே, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “பாப்பா... அப்பா வந்துட்டே இருக்கேன்டா கண்ணு...”

“சரிப்பா” என்றது செட்.

லாரிக்காரன் அப்படியே நின்றுவிட்டான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. சித்தப்பா நிற்கவில்லை.

வளைவு தாண்டியதும் ரோட்டை மறித்து ஆள் உயரத்துக்கு மண். அதற்கு அந்தப் பக்கம் ஜீப்பின் வெளிச்சம்! செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கையாலும் காலாலும் ஏறிப் புரண்டு அந்தப் பக்கம் இறங்கினார். ஒரு விளக்கு மட்டும் வெளியே தெரிய, ஜீப்பின் மூக்கு மண்ணில் புதைந்திருந்தது. பத்தடி பின்னால் மனைவி நின்றாள், தோளில் பிள்ளையோடு. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் டிரைவர். கீழிருந்து ஓடிவந்த மச்சினன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“குடு... குடு அவள!” பிள்ளையை வாங்கினார். கன்னம் சில்லென்று இருந்தது. தலை அவர் கையில் சாய்ந்தது.

“தூங்குறா. இப்ப நல்லாயிட்டா. நான் கேட்டுட்டேதான வந்தேன்...”

மனைவி அவரையே பார்த்தாள். “ஜீப் நின்னப்பவே உசுரு போயிடுச்சுங்க... கல்லு விழறதுக்கு முன்னாடியே. என் மடியிலதாங்க...”

“இல்லடி. செட்டுல...”

“செட்டு ஏதுங்க? எறங்கி ஓடுறப்ப கைதவறி விழுந்துடுச்சு. அது மேலதான் மண்ணே விழுந்துச்சு.”

பிள்ளையின் மார்பில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. இடுப்பில் செருகியிருந்த செட்டில் மூச்சு வந்துகொண்டிருந்தது... சீராக... அமைதியாக.

மூன்றாம் நாள்தான் மண்ணை அள்ளினார்கள். மூன்றாவது செட் கிடைத்தது. அப்பளமாக நசுங்கியிருந்தது. பேட்டரி தனியாக வேறு இடத்தில் கிடந்ததாம்.

சித்தப்பா தன் செட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதுவும் மண்ணோடு போய்விட்டது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார். போன மாதம் நம் வெல்டர் அவரைப் பார்க்கப் போயிருக்கிறான். சித்திதான் கதவைத் திறந்தாளாம், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு. உள்ளே கட்டிலில் ஒரு சின்னத் தலையணை. அதன்மேல் அந்த செட், சார்ஜ் வயரோடு. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழு வருடமாக அணையவில்லையாம். குனிந்து காதை வைத்தவன் வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டான்.

“சித்தப்பா... ஒரே ஒரு தடவை பேசித்தான் பாருங்களேன்” என்றிருக்கிறான்.

அவர் தலையணையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையாம்.

“பேசணும்னா பட்டன அழுத்தணும்டா. அழுத்துற நேரத்துக்கு அவ மூச்சு கேக்காது... நான் கைய எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சுன்னா?”