பத்து வோல்ட் எங்கே போனது?

நம்பிக்கை வேணும், நம்பிக்கை வேணும்னு இவ்வளவு நேரம் பேசினேன். இனி கொஞ்சம் பயத்தைப் பத்தியும் பேசணும். பஜனையில அடுத்த பாட்டுக்கு முந்தி ஒரு குட்டிக் கதை கேட்டுடுங்க. கதைன்னு வாய் சொல்லுது... ஆனா என் கண் முன்னால நடந்தது. நடந்ததுக்கு நானும் ஒரு காரணம்.

தென்காசிப் பக்கம், எங்க தெரு அம்மன் கோவில்ல ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஒரு வழக்கம். மாவிளக்கு மாவைக் கோவில் மண்டபத்துல வச்சுத்தான் திரிக்கணும். அதுவும் அவங்கவங்க அரிசி, அவங்கவங்க வீட்டு மிக்ஸி. அடுத்த வீட்டு ஜாருல நம்ம அரிசி விழுந்தா நேர்ச்சை பலிக்காதாம். யாரு சொன்னா? யாரோ சொன்னாங்க. நாங்களும் தலையை ஆட்டிட்டோம்.

அன்னைக்குக் காலையில சாரல்னா அப்படி ஒரு சாரல். தரையெல்லாம் ஜில்லுனு கெடக்கு. மண்டபத்துச் சுவத்துல ஒரே ஒரு பிளக்கு. அதுலேர்ந்து ஒரு வயரை இழுத்து, யாரும் தடுக்கி விழுந்திடக் கூடாதுன்னு ஜமக்காளத்துக்கு அடியில விட்டு, அந்தக் கோடியில அஞ்சு ஓட்டை உள்ள ஒரு பாக்ஸ். அஞ்சு ஓட்டைக்கும் அஞ்சு மிக்ஸி. எல்லாம் ஒரே நேரத்துல!

என் கொழுந்தன் பொண்டாட்டி உலகம்மை, எட்டு மாசக் கைக்குழந்தையோட வந்திருந்தா.

"அக்கா, பிள்ளையை எங்கயாவது படுக்கப் போடணும்க்கா."

நான் ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்தேன். எல்லா இடமும் ஜில்லுனு இருக்க, ஒரு இடம் மட்டும்... இதமா... கதகதன்னு.

"ஏட்டி, இங்க போடு. அம்மன் மடி மாதிரில்லா இருக்கு!"

பிள்ளை படுத்ததும் தூங்கிட்டுது. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். என்னைப் பார்த்துப் பக்கத்துல இருந்த நாலு பேரும் போட்டுக்கிட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு உலகம்மை மெதுவா சொல்றா: "அக்கா, தரை ரொம்பச் சுடுதுக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிர்ந்தாலும் குத்தம், சுட்டாலும் குத்தமா உனக்கு? சாமி குடுக்கிற சூட்டைச் சந்தேகப்படாதட்டி!"

நாலு பேரும் சிரிச்சாங்க. அவ பிள்ளை பக்கத்துல ஒட்டி உட்கார்ந்துக்கிட்டா.

அந்த நேரம் பார்த்து மிக்ஸியெல்லாம் முனக ஆரம்பிச்சுது. "கரண்டு கம்மியா வருது, பாருங்க"ன்னு ஒருத்தி கத்தினா. மைக்செட் பேச்சிமுத்து மீட்டரைத் தூக்கிக்கிட்டு வந்தான். இங்க வச்சுப் பார்த்தான், அங்க வச்சுப் பார்த்தான்.

"மதினி, சுவத்துல இருநூத்து முப்பது வோல்ட் சரியா இருக்கு. பாக்ஸுக்கு வர்றப்போ இருநூத்து இருபதுதான்."

"மீதி பத்து?"

"வழியில போயிருக்கும். அம்மன் எடுத்துக்கிட்டாளோ என்னமோ!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. வழியில போச்சுன்னா, போய்ச் சேர்ந்த இடம்னு ஒண்ணு இருக்கணும்ல?

என் மகன் பத்தாவது படிச்சப்போ அவனுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமான கணக்கு அது. வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினா வாட். வகுத்தா ஓம், அதாவது தடை. மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தேன். எழுநூத்தி ஐம்பது வாட். இருநூத்து முப்பதால வகுத்தா மூணேகால் ஆம்பியர். அஞ்சு மிக்ஸிக்குப் பதினாறு. பாக்ஸ் மேல என்ன பொறிச்சிருக்கு? ஆறு! ஆறு தாங்குற பாக்ஸுல பதினாறு ஓடுது.

தாம்பாளத்துல இருந்த மாவுல விரலால எழுதினேன். பத்து வோல்ட்டைப் பதினாறால வகுத்தா, அரைக்கு மேல கொஞ்சம் ஓம். இத்துணூண்டு வயருக்கு இவ்வளவு தடை எப்படி வரும்? எங்கயோ ஒட்டுப் போட்டிருக்கு. சரி... பத்தையும் பதினாறையும் பெருக்கு. நூத்தி அறுபது வாட்! பழைய குண்டு பல்பு ஒண்ணு அறுபது வாட். தொட்டா கை கொப்பளிக்கும். அந்த மாதிரி கிட்டத்தட்ட மூணு பல்பு, சுவத்துக்கும் பாக்ஸுக்கும் நடுவுல, ஜமக்காளத்துக்கு அடியில எரிஞ்சிட்டு இருக்கு.

நடுவுல என்ன இருக்கு?

பிள்ளை இருக்கு.

"உலகு! பிள்ளையைத் தூக்கு! பேச்சிமுத்து, பிளக்கைப் பிடுங்கு!"

ஜமக்காளத்தைப் புரட்டினா... முறுக்கி டேப்பு சுத்தின பழைய ஒட்டு. பிளாஸ்டிக் உருகித் துணியோட ஒட்டிப்போய், கறுப்பா ஒரு பொத்தல். புகை அப்பத்தான் கிளம்புது. பிள்ளை தலை இருந்த இடத்துக்கும் அதுக்கும் நாலு விரக்கடை.

பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. சிரிக்குது. அப்போதான் உலகம்மையோட வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் செவந்து, நடுவுல ஒரு கொப்புளம். நான் அதட்டின நேரத்துலேர்ந்து, பிள்ளை தலைக்கும் தரைக்கும் நடுவுல அந்தக் கையை வச்சுக்கிட்டே இருந்திருக்கா.

"ஏட்டி, தூக்கியிருக்கலாம்ல? ஏன் தூக்கல?"

அவ என்ன சொன்னா தெரியுமா?

"நீங்க அம்மன் மடின்னு சொல்லிட்டீங்களேக்கா..."

அம்மா! அந்தக் கையை என் ரெண்டு கையிலயும் ஏந்தித் தண்ணியை ஊத்தினேன்.

யோசிச்சுப் பாருங்க. அம்மன் அன்னைக்கு எதுல இருந்தா? அந்தச் சூட்டுலயா? இல்லம்மா. "தரை சுடுதுக்கா"ன்னு ஒரு குரல் வந்துதே, அதுல இருந்தா. மீட்டர் வந்து சொன்னப்போ கணக்குப் போட்ட எனக்கு, மனுஷி சொன்னப்போ காது கேக்கல. சாமி பேரைச் சொல்லியே சாமி வாயை மூடிட்டேன். எந்தக் கணக்குல கொண்டு போய்ச் சேர்ப்பேன் அதை?

உங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பா. மெதுவாத்தான் சொல்லுவா, ஒரே ஒரு தடவைதான் சொல்லுவா. "சுடுது"ன்னு அவ சொன்னா, கன்னத்துல போட்டுக்கிறதுக்கு முந்தி... உங்க கையைத் தரையில வைங்க.