அவிழ்த்தாலும் திரும்பி வரும் முடிச்சு

மரக்காணத்திலிருந்து பாண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் தச்சர், மற்றவர் மீனவர்.

"முடிச்சு தானா மாறுதுப்பா" என்று தச்சர் சொன்னதும் பேப்பரை மடித்துவிட்டேன். ஷூ லேஸே ஒழுங்காகக் கட்டத் தெரியாதவனுக்கு முடிச்சு என்றால் தனி மரியாதை.

"வூட்டு வாசல்ல நானே ஒரு சின்னப் படகு கட்டினேன். புக்ல பாத்த மாதிரி பாய் ஏத்தினா ஏழு கயிறு வேணும். நம்மூரு முக்கோணப் பாய்க்கு ரெண்டு போதும். காத்து மிஞ்சினா ஒண்ண விட்டா அடங்கிடுது. அதான், சுனாமிக்கப்புறம் உப்பளத்துல ஒதுங்கின பழைய பாய எடுத்து ஏத்தினேன்."

"நல்லதுதானே பண்ணியிருக்க."

"அதுல இருந்த முடிச்ச அவுத்துட்டு நான் ஒண்ணு போட்டேன். காலைல பாத்தா பழைய முடிச்சு. மூணு நாளா இதே கதை. பாய்க்கு வேற துணி வாங்கத்தான் போறேன்."

"எங்க, அந்த முடிச்ச போட்டுக் காட்டு."

தச்சர் பையிலிருந்த கயிற்றை எடுத்து சீட்டுக் கம்பியில் கட்டினார். வலது கை தடுமாறியது. இடது கைக்கு மாற்றியதும் சுலபமாக விழுந்தது.

மீனவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கண்ணன் இடது கைக்காரன். சுனாமி அன்னிக்குக் கடலுக்குப் போனவன் இன்னும் கெடைக்கல. அண்ணி தாலிய கழட்டாம உக்காந்துனு இருக்குது."

கூனிமேடு தாண்டியதும் மீனவர் கயிற்றை அவிழ்த்துத் தச்சரிடம் கொடுத்தார்.

"புதுத்துணி வேணாம்பா. நாளைக்கு அதே பாயோட படக எறக்கு. நானும் வர்றேன்."

"எந்தப் பக்கம் ஓட்டறது?"

"நீ சுக்கான புடிக்காத. அது எங்க போவுதோ போவட்டும்."