பெல்ட்டை இப்ப மாத்தாதீங்க

வேணாம் தம்பி, வேணாம். அந்த ஸ்பானரைக் கீழ வைங்க. பெல்ட்டை இப்பக் கழட்டிறாதீங்க.

காரை ரிப்பேருக்குத்தான் கொண்டுவந்தேன், யாரு இல்லைன்னா? பெல்ட் தளந்துபோச்சு, மேல வழவழன்னு ஆயிடுச்சு, சாவியத் திருப்பினதும் பிடிமானம் இல்லாம சறுக்கி வீல்னு கத்துது. நீங்க தண்ணி தெளிச்சுப் பாத்துச் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. மாத்திடலாம். ஆனா எங்க வீட்டுக்காரரு வரட்டும். என் பொண்ணு கூட்டிட்டு வர்றா. அவரு முன்னாடி இது ஒரு தடவை கத்தணும். அதுக்கப்புறம் பெல்ட்டை மாத்துங்க, இன்ஜினையே மாத்துங்க, நான் ஏன்னு கேக்கமாட்டேன்.

பைத்தியமா இந்தம்மான்னு பாக்குறீங்க. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, சொல்றேன்.

அவரு அச்சகத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. மிஷின் ஓடுனா கட்டடமே அதிரும். அந்த இரைச்சலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, எந்த உருளை தேயுது, எந்த பேரிங் போகப்போகுதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிருவாராம். ஆமா, அவரே சொல்லிக்கிட்டதுதான். மத்தவங்களும் சொல்லியிருக்காங்க, பொய் இல்ல. அப்படிப்பட்ட மனுஷன் தன் வண்டிய இன்னொருத்தர் தொட விடுவாரா? அவருக்குத் தெரியாமத்தான் மருமகனை ஓட்டச் சொல்லி இங்க கொண்டுவந்தேன்.

மொதல்ல சோப்பு. துணி தொவைக்கிற கட்டிய எடுத்து பெல்ட் மேல தேச்சாரு. சாவியத் திருப்பினா, வண்டி போட்டுச்சு ஒரு கூப்பாடு. எதிர் வீட்டு நாய் பதறிப்போயி கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. இவரு தலையச் சாச்சுக் கேட்டுட்டு, போயிடுச்சு பாத்தியான்னாரு.

எங்க போச்சு? நாய்தான் போச்சு.

அடுத்தது பவுடர். என் டப்பா பாதி காலி. பக்கத்து வீட்டு வாத்தியாரு ஜன்னலத் திறந்து, சார், இனிமே எனக்கு அலாரமே வேணாம்னு கத்துறாரு. இவரு அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு கையை ஆட்டுறாரு. அதுக்கப்புறம் எண்ணெய்... தலைல அடிச்சுக்காதீங்க தம்பி, தையல் மிஷின் எண்ணெயேதான். பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டா இன்னும் சறுக்கும்னு எனக்கே தெரியுது. ஃபோர்மேன்கிட்ட யாரு சொல்றது? இன்னும் கத்துதுங்கன்னேன். உனக்கு எப்பவும் சந்தேகப் புத்தின்னு சொல்லி ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு.

நானும் வீம்புக்குத்தான் பண்றாருன்னு நெனச்சேன். அப்புறம் முந்தாநேத்து எல்லாருமா வெளிய கிளம்பினோம். சாவியத் திருப்புறாரு. பேரப்பிள்ளை வீல்னு அழுவுது, மருமகன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. இவரு மட்டும் ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு, பஞ்சு மாதிரி ஓடுது, புள்ளை ஏன் அழுவுதுன்னு கேக்குறாரு. மூஞ்சில அவ்வளவு சந்தோஷம். வீம்பு இல்ல தம்பி. அவருக்கு அது கேக்கவே இல்ல.

செவிடுன்னு சொல்லாதீங்க. லாரி வந்தா கேக்குது. உங்களை மாதிரி கட்டைக் குரல்ல பேசுனா கேக்குது. நான் விடுற குறட்டை கேக்குதாம், அதுல ஒரு குறையும் இல்ல. கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம்தான் உள்ள ஏறல. போன வாரம் ஒரு பொண்ணு சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டே வருது, இவரு பாட்டுக்கு வண்டிய அந்தப் பக்கம் திருப்புறாரு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தேன்.

டாக்டர்கிட்டயா? வாயெடுத்தாலே, யாருக்குக் காது போச்சுன்னு குதிக்கிறாரு. நான் சொன்னா சண்டை. மருமகன் சொன்னா மரியாதை இல்லாத பையன். தொழில் தெரிஞ்சவரு சொன்னா மட்டும் கேப்பாரு. அவரு வந்ததும் சாவியத் திருப்பிட்டு, சார், சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மட்டும் கேளுங்க. முழிப்பாரு. சிரிச்சிடாதீங்க, தம்பி. பெரிய மிஷின்கிட்ட நின்னவங்களுக்கு வர்றதுதான் சார்னு மெதுவா சொல்லுங்க. காது டாக்டர் இதே தெருக் கோடிலதான். டோக்கன் போட்டு வச்சிட்டேன்.

கோவமா? கோவப்பட்டா பட்டுக்கட்டும். பேசாம இருக்குறதுக்கு அது தேவலை.

என் குரலும் கீச்சுக் குரல்தானே, நீங்களே கேக்குறீங்க. அடுப்படிலேர்ந்து ஏங்க, ஏங்கன்னு கூப்பிடுவேன். திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. ரிட்டயர் ஆனதும் மனுஷன் மாறிட்டாரு, நம்மகிட்டப் பேச இனி ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சேன். அன்னைக்குக் கிளம்பினது எங்கன்னு நெனச்சீங்க? என்னைய எங்க அக்கா வீட்ல விடத்தான். ரெண்டு நாள் தங்கிட்டு வர்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். திரும்பி வர்றதா இல்ல. அப்புறம்தான் வண்டி கத்துச்சு, தலைவலின்னு சொல்லி இறங்கிட்டேன்.

பெட்டி இன்னும் டிக்கிலதான் இருக்கு, நீலக் கலரு. அவரு வந்ததும் மொத வேலையா ஸ்பானர் தேடி டிக்கியத் திறப்பாரு. கொஞ்சம் எடுத்து உங்க ரூமுக்குள்ள வச்சிடுங்க தம்பி. கனமா இருக்கும், பாத்துத் தூக்குங்க. பொடவை பூரா அதுலதான் இருக்கு.